பதில் எழுத வேண்டியதில்லை

பெரம்பூர், சென்னை
ஜூன் 3

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் மாடிப்படி ஏறத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் பசையும் கத்தரிக்கோலுமாக அப்படி என்னதான் செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் அதற்குப் பதில் எழுத முடியவில்லை. தாமதத்திற்குக் காரணம் அதுதான்.

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் வாழ்த்தட்டைகள் செய்கிறேன். தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைகள், திருநங்கைகள், பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகள், இன்னும் தம்மை எந்தப் பெயரில் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் இருக்கும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் ஆகியோர் வந்து பேசிவிட்டுப் போகும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. அங்கே மனநல ஆலோசகராக இருக்கும் பெண் என் பழைய மாணவி. வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது கையில் கொடுத்தனுப்ப ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும், அது கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது, நீங்கள் செய்து தருவீர்களா டீச்சர் என்று கேட்டாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓவியம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே சறுக்கினேன். என் தம்பி மகன் திருமணத்திற்கு அச்சடித்ததில் மிஞ்சிய வெற்று அழைப்பிதழ் அட்டைகள் பரணில் நூற்றுக்கு மேல் கிடந்தன. கெட்டியான, ஓரத்தில் பொன்னிறக் கோடு போட்ட நல்ல அட்டை. வீணாகப் போவானேன் என்று அத்தனையையும் தூக்கிக்கொண்டு போனேன். உதவிக்கு வந்திருந்த ஓர் இளைஞன் ஓர் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் பத்திரிகை அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் வருகிறார்கள்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. இப்போது மளிகைக் கணக்கு எழுத உதவுகிறது.

அதன்பிறகு எதைச் செய்வதற்கு முன்பும் கேட்டுவிடுகிறேன். ஐம்பது காசு அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாமே என்று யோசனை சொன்னபோது, அதைத் தபால்காரர் படிப்பார், பக்கத்து வீட்டார் படிப்பார், கடைசியில் அப்பாவும் படிப்பார் என்றார்கள். அதனால் எங்கள் அட்டைகள் தபாலில் போவதே இல்லை. முகவரி வாங்குவதில்லை, பெயர் எழுதுவதில்லை; மேசைமேல் ஒரு துணிப்பையில் கிடக்கும், விரும்பியவர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். அளவையும் அந்தப் பிள்ளைகளே திருத்தினார்கள். நான் வெட்டிக் கொண்டுபோன பெரிய அட்டைகளை ஆசையாகப் பார்த்தார்கள், ஆனால் எடுக்கவில்லை. வீட்டில் வைக்க இடமில்லை என்பதுதான் காரணம். இப்போது ஏ.டி.எம். கார்டு அளவில் வெட்டுகிறேன். கைப்பேசியின் பின்னுறையைக் கழற்றி உள்ளே செருகி மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. இவ்வளவு சின்ன அட்டையில் ஓவியம் என்று பெரிதாக எதுவும் வரைய முடியாது என்பது என் தொழில் கர்வத்திற்குக் கொஞ்சம் இடித்தாலும், பழகிவிட்டது.

அச்சுக்கு வெண்டைக்காய்தான். முற்றிய காயின் காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ கிடைக்கும். வெட்டியவுடன் சாயத்தில் தோய்த்தால் கொழகொழப்பில் வழுக்கி இதழெல்லாம் இழுபட்டுவிடுகிறது. ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்த பிறகு தோய்த்தால் பத்துப் பதினைந்து பூக்கள் கச்சிதமாக விழுகின்றன. வானவில்லுக்கு ஏழு நிறம் என்று கருநீலத்தையும் சேர்த்து முதலில் அச்சடித்துவிட்டேன். இவர்களுடைய கொடியில் ஆறு நிறங்களே உண்டாம். 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்ற கலைஞர் அதை முதலில் வடிவமைத்தபோது எட்டு நிறங்கள் இருந்திருக்கின்றன. பளிச்சென்ற இளஞ்சிவப்பில் துணி போதிய அளவு கிடைக்காததால் ஒன்று போக, பின்னர் நீலப்பச்சையும் விடப்பட்டு ஆறாக நின்றிருக்கிறது. ஜவுளிக்கடைத் தட்டுப்பாடு ஓர் இயக்கத்தின் சின்னத்தையே மாற்றியதைக் கேட்டு நான் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். பட்டை பட்டையாக அந்த ஆறு நிறங்களைப் போட்டால் விவரம் தெரிந்த அண்ணன் ஒருவன் கண்டுபிடித்துவிடக்கூடும் என்பதால், நாங்கள் ஆறு புள்ளிகளாக வைத்து நடுவே கோலம் சுற்றிவிடுகிறோம். எடுத்துச் செல்பவருக்கு அது தெரியும்; மற்றவர்களுக்கு வெறும் கோலம்.

படம் இத்தோடு முடிந்தது. எழுத்துதான் பாடாய்ப் படுத்துகிறது. தமிழாசிரியையான உன்னிடம் இவ்வளவு விரிவாக எழுதுவதும் அதற்காகத்தான்.

முதல் அட்டையில் "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதினேன். இதைவிட ஆறுதலான வாக்கியம் தமிழில் உண்டா என்று நீயே சொல். ஆனால் அந்தப் பிள்ளைகள் அதே சொல்லை எங்கெங்கே கேட்டிருக்கிறார்கள் என்று பார். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். மந்திரித்தால் சரியாகிவிடும் என்று ஒருவர், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று இன்னொருவர். இப்படி "மாற்றுகிற" சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் வீடுகளில் அந்தச் சொல் மட்டும் இன்னும் ஓயவில்லை. நம் வாயில் ஆறுதலாக வருவது அவர்கள் காதில், "நீ இப்போது சரியாக இல்லை" என்று விழுகிறது. "பெற்றோர் ஒருநாள் புரிந்துகொள்வார்கள்" என்பதையும் நீக்கிவிட்டோம், ஏனென்றால் புரிந்துகொள்ளாமலே போய்விடுகிற பெற்றோரும் இருக்கிறார்கள், அவர்கள் சார்பில் வாக்குக் கொடுக்க நான் யார்? "துணிந்து வெளியே சொல்" என்பதை எழுதவே கூடாது என்று ஆலோசகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சொன்ன அன்றே வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் அங்கே வருகிறார்கள்.

விளிச்சொல் அடுத்த சிக்கல். தம்பி, தங்கச்சி, மகளே, ராசா என்று எதைப் போட்டாலும் ஊகம்தான். ஊகம் தவறினால் வாழ்த்து என்று கொடுத்ததே வலியாகிவிடும். இங்கேதான் நம் மொழி எனக்குக் கைகொடுத்தது. படர்க்கையில் அவன், அவள் என்று பிரித்துவிடுகிற தமிழ், முன்னிலையில் அப்படிப் பிரிப்பதில்லை அல்லவா? "நீ வந்தாய்" என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்று வினைமுற்று கேட்பதில்லை. இத்தனை ஆண்டு பேசியும் இதை ஒரு வசதியாக நான் நினைத்துப் பார்த்ததில்லை. "கண்ணு" என்ற சொல்லும் அப்படித்தான்; என் பாட்டி பேரனையும் பேத்தியையும் கன்றுக்குட்டியையும் அதே சொல்லால்தான் கூப்பிட்டாள். இப்போது எங்கள் அட்டைகள் எல்லாம் "கண்ணு" என்றே தொடங்குகின்றன.

அடையாளப் பெயர்களும் இப்போது தமிழில் வந்துவிட்டன. 2008இல் நம் மாநிலத்தில் திருநங்கைகளுக்கென நல வாரியம் அமைந்தபோது அது அரவாணிகள் நலவாரியம்; இன்று திருநங்கை என்ற சொல் பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்டது. ஒருவரையொருவர் விரும்பி, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7இல் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருளில் தமக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான், இழிவான சொற்களுக்கு மாற்றாக மதிப்பான சொற்களின் பட்டியலை 2022இல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. ஆங்கிலத்தில் 'குயர்' என்று இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்வதற்கு ஈடான பால்புதுமையர் என்ற சொல் உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். என்றாலும் அட்டையில் அவற்றைப் போடுவதில்லை. தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்பது எடுத்துச் செல்பவரின் முடிவு.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது என்று சலித்துக்கொண்டபோது, ஆலோசகர் ஒரு செய்தி சொன்னாள். சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தாலோ மனச்சோர்வாலோ மருத்துவமனையில் சேர்ந்து வெளியேறியவர்களில், தொடர்ந்து சிகிச்சைக்கு வர மறுத்த 843 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகளில் இருபத்து நான்கு சிறு கடிதங்கள் அனுப்பச் செய்தாராம். அறிவுரை இல்லை, சிகிச்சைக்கு வா என்ற அழைப்பும் இல்லை. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில் இரண்டு மூன்று வரிகள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்ற பிரிவில் தற்கொலைச் சாவுகள் குறைவாக இருந்தன. அது இந்தப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு அல்ல. நம் அட்டை உயிர் காக்கும் என்று சொல்லிக்கொள்ள அதில் இடமும் இல்லை. ஆனால் ஒன்றையும் திரும்பக் கேட்காத கடிதத்துக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

அன்றிலிருந்து அறிவுரையை விட்டுவிட்டு வீட்டுச் செய்தியை எழுதுகிறேன். "கண்ணு, இன்று காலை என் மாடியில் சங்குப்பூ முதல் பூ விட்டது. உன்னிடம் சொல்லத் தோன்றியது. பதில் எழுத வேண்டியதில்லை" என்று ஓர் அட்டை. "பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது, துடைத்துக்கொண்டே உன்னை நினைத்தேன்" என்று இன்னொன்று. யாரென்றே தெரியாத பிள்ளையை எப்படி நினைப்பாய் என்று நீ கேட்பாய். நினைக்கிறேன், அதுதான் உண்மை. அட்டையின் பின்பக்கம் மூலையில் 14416 என்று அரசின் மனநல உதவி எண்ணைச் சிறிதாக எழுதிவிடுகிறோம். எதற்கான எண் என்று எழுதுவதில்லை. எடுத்துச் செல்லும்போது ஆலோசகர் வாயால் சொல்லிவிடுகிறாள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தானே, நினைவிருக்கிறதா? பெண்தன்மை உள்ள ஆண்களைப் பழிக்கச் சொல்லும் அந்த எண்ணைச் சொல்லியே மற்ற பையன்கள் அவனைக் கேலி செய்வார்கள். நாமும் ஆசிரியர் அறையில் அதைக் கேட்டுக் கண்டிக்காமல் சிரித்திருக்கிறோம். நான் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மதிய இடைவேளையில் ஓவிய அறைக்கு வந்து எல்லாத் தூரிகைகளையும் கழுவி, அளவுவாரியாக அடுக்கிவைத்துவிட்டுப் போவான். வரைவதில் அவ்வளவு ஆசை என்று நினைத்து இரண்டு தாள் கூடுதலாகக் கொடுப்பேன். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களோடு இருக்க முடியாமல்தான் அங்கே வந்தான் என்பது, இந்த வாழ்த்தட்டை வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த மாதக் கடைசி ஞாயிறு பால்புதுமையரின் வானவில் ஊர்வலம் வருகிறது. 2009 முதல் சென்னையில் ஜூன் மாதத்தில் நடக்கிறது. அதற்கு முன் இருநூறு அட்டை வேண்டும் என்கிறார்கள். கோலமும் பூவும் என்னால் ஆகும். என் சங்குப்பூவும் பாலும் எத்தனை அட்டைக்கு வரும்? உன் வீட்டிலிருந்து ஒரு இருபது வரிகள் எழுதி அனுப்பு: மாடிப்படி ஏறியது, உன் தெருவில் மழை பெய்தது, எதுவாக இருந்தாலும் சரி, ஆனால் முடிவில் நீதி சொல்லிவிடாதே, அது உன் பழக்கம். வரி ஒவ்வொன்றும் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் அட்டையில் இடம் பற்றாது.

இங்கே வெண்டைக்காய் விலை ஏறிவிட்டது. முற்றல் காயை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால், காய்கறிக்காரம்மா அதை எனக்கென்று தனியாக எடுத்துவைத்து, "இதை வைத்து என்னதான் குழம்பு வைக்கிறீர்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். அடுத்த முறை ஓர் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி