கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்: ஜேஎல்பிடி தேர்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியின் ஜூலை முடிவுகள் வந்துவிட்டன. டிசம்பர் தேர்வுக்கு என் மாணவர்கள் தயாராகத் தொடங்கிவிட்டார்கள். இந்த நேரத்தில் உங்கள் முன் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். லிசனிங் எனப்படும் கேட்டல் பகுதி நடக்கும்போது ஒலிப்பதிவு, அறையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும். தனியாக எழுதிக் கேட்டாயிற்று. குறித்துக்கொண்டதாகப் பதில் வந்தது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

ஜூலைத் தேர்வன்று நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. என்4, அதாவது ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது நிலை, எழுதியவர்களை உட்கார வைத்த பெரிய கூடம் ஒன்றில், முன்பக்கம் ஒரே ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. தலைக்கு மேலே மின்விசிறிகள் முழு வேகத்தில். லிசனிங் தொடங்குவதற்கு முன் வழக்கமான ஒலி அளவுச் சோதனை நடந்தது. ‘வானிலை நன்றாக இருக்கிறது, நடந்துவிட்டு வரலாம்’ என்று வரும் அந்த வாக்கியம் ஜேஎல்பிடி பக்கம் போன எல்லோருக்கும் மனப்பாடம். அது ஒலித்ததும் பின்வரிசைகளில் நாலைந்து கைகள் உயர்ந்தன. கண்காணிப்பாளர் வந்தார், “சத்தம் வருதே” என்றார், திரும்பிப் போய்விட்டார். அடுத்த நிமிடம் தேர்வு தொடங்கிவிட்டது. அந்தக் கூடத்தில் இருந்த என் மாணவர்கள் தனித்தனியாக வந்து இதையே சொன்னார்கள்.

அந்தக் கண்காணிப்பாளரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அவரைப் பொறுத்தவரை சத்தம் வந்தது, அது உண்மைதான். சொல் வரவில்லை என்பதை மொழி தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும். அதிலும் மனப்பாடமான வாக்கியம் எவ்வளவு இரைச்சலில் வந்தாலும் புரிந்த மாதிரியே இருக்கும். அதை வைத்துக் கூடம் சரி என்று முடிவுகட்டினால் சோதனைக்கு என்ன பொருள்?

பின்வரிசையில் கை தூக்கியவர்களில் ஒருத்தி என் வகுப்புப் பெண். நர்சிங் டிப்ளமோ முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் கனவு. 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் விசா, வெளிநாட்டினர் அங்கே வேலை பார்க்கத் தரும் விசா; அதற்கு மொழித் தகுதி காட்ட என்4 சான்றிதழ் ஒரு வழி, கணினியில் நடக்கும் ஜேஎஃப்டி-பேசிக் என்ற மொழித் தேர்வு இன்னொரு வழி. அவளுக்கு வேலை பார்த்துக் கொடுப்பவர்கள் என்4 கேட்டார்கள். இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பும் பஸ்ஸில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உரையாடல்களைக் கேட்டபடியே வருவாள். சாயங்காலம் வகுப்பில் தூக்கம் கண்ணைச் சொக்கும். ஆனால் நான் ஒலிப்பதிவைப் போட்டால் நிமிர்ந்துவிடுவாள். லிசனிங்கில் என் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான்.

முடிவில் வந்த மதிப்பெண்கள் இவை. மொழி அறிவும் வாசிப்பும் சேர்த்து 120க்கு 95. லிசனிங் 60க்கு 18. மொத்தம் 113. என்4 தேற மொத்தத்தில் 90 போதும். ஆனால் லிசனிங்கில் மட்டும் தனியாகக் குறைந்தது 19 எடுத்தாக வேண்டும் என்பது விதி. தேவையைவிட 23 மதிப்பெண் கூடுதலாக எடுத்த பெண், ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்றவளாகிவிட்டாள்.

அதே கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்த இன்னொரு மாணவன் இருக்கிறான். வகுப்புச் சோதனைகளில் லிசனிங் என்றாலே அவன் அவளுக்குப் பின்னால்தான். அவனுக்கு 34 வந்திருக்கிறது. அவன் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவன் தேறியதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஒருவர் மதிப்பெண்ணை இன்னொருவரோடு வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்பதும் தெரியும். ஆனால் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பதிவெண் போட்டுத் தீர்மானிப்பவர்கள் நீங்கள். அந்த இடத்தில் என்ன கேட்கிறது என்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

இந்தத் தேர்வில் லிசனிங் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பின்வரிசையிலிருந்து அது எப்படி இருக்கும் என்று யோசித்திருப்பீர்களா என்ற சந்தேகத்தில் சொல்கிறேன். என்4க்கு 35 நிமிடம். உரையாடல் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். கடைசிப் பகுதியில் கேள்வித்தாளில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார், அதற்கு மூன்று பதில்கள் குரலிலேயே வரும், சில நொடிகளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போய்விடும். வாசிப்புப் பகுதியில் புரியாவிட்டால் திரும்பப் படிக்கலாம். இங்கே திரும்புவதற்கு ஒன்றுமே கிடையாது.

ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள். ஒரு மணி என்பது ‘இச்சிஜி’. ஏழு மணி ‘ஷிச்சிஜி’. முன்னால் வரும் அந்த ‘ஷி’ ஜப்பானியர் வாயில் முழு எழுத்தாக ஒலிப்பதில்லை. உயிரொலி தேய்ந்து வெறும் காற்றாக வெளியே வரும். மின்விசிறியின் இரைச்சலும் காற்றுதான். இரண்டும் கலந்தால் ஏழு மணிக் கூட்டம் ஒரு மணிக்கு நடந்துவிடும். தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது. செய்தாரா, செய்யவில்லையா என்பதெல்லாம் குரல் தாழ்ந்து முடியும் அந்த வாலில்தான் இருக்கும். எதிரொலிக்கும் கூடத்தில் முதலில் தேய்ந்து போவதும் அந்த வால்தான். மொழி தெரியாதவனையும் ஒலி காதுக்கு எட்டாதவனையும் அந்த மதிப்பெண் ஒன்றாகவே காட்டுகிறது.

ஒலியைக் கூட்டி வைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். உயரமான கூரை, வழவழப்பான தரை, வெறுஞ்சுவர் உள்ள கூடத்தில் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும். முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு அதே குழப்பம்தான். கல்யாண மண்டப மைக்கில் தாலி கட்டும் நேரத்தில் யார் என்ன சொன்னார் என்று கடைசி நாற்காலிக்குப் புரியாதது போலத்தான் இது. சத்தம் குறைந்ததால் வந்த கோளாறு அல்ல, தெளிவு இல்லாததால் வந்த கோளாறு.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பெரிய கூடத்தை விட்டுவிட்டுச் சாதாரண வகுப்பறைகளில் நடத்துங்கள். கூடம்தான் கிடைக்கிறது என்றால் பக்கவாட்டிலும் நடுவிலும் சிறிய பெட்டிகளை வையுங்கள், பின்வரிசைகளை நிரப்பாமல் காலியாக விடுங்கள். லிசனிங் நடக்கும் நேரத்துக்கு மட்டும் மின்விசிறிகளை நிறுத்துங்கள். ஜூலையில் வேர்க்கும்தான்; வேர்த்தால் துடைத்துக்கொள்கிறோம். டிசம்பரில் மழை இருக்கும், தகரக் கூரை போட்ட அறை எதிலும் லிசனிங் வைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒலிச் சோதனையின்போது ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவர் கடைசி வரிசையில் நின்று கேட்க வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பதிவு ஓட வேண்டும். கை தூக்கினால் அதற்கு மதிப்பு இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் விதிகள் எவ்வளவு கறார் என்று பாருங்கள். தேர்வு நடக்கும்போது கைபேசி மணி அடித்தால் வெளியே போக வேண்டியதுதான். சின்ன மீறலுக்கு மஞ்சள் அட்டை, பெரிய மீறலுக்குச் சிவப்பு அட்டை. தாமதமாக வந்தால் உள்ளே விடுவதில்லை. இதையெல்லாம் நான் எதிர்க்கவில்லை. என் மாணவர்களுக்கு நானே முதல் வகுப்பிலிருந்து இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். எங்கள் பிழைக்கு அட்டை இருக்கிறது. உங்கள் பக்கப் பிழைக்கு என்ன இருக்கிறது? தனிப்பட்ட மதிப்பெண் பற்றிய விசாரணைக்குப் பதில் கிடையாது, மறுமதிப்பீடும் கிடையாது. ஆறு மாதம் பொறுத்து, மறுபடி பணம் கட்டி எழுதலாம் என்பது மட்டும்தான் மிச்சம். ஆறு மாதத்தில் ஒரு நேர்காணல் போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்குப் போயேவிட்டது.

சொல்ல வந்ததோடு சேர்ந்து மற்றதும் வருகிறது. 1984 முதல் நடக்கும் தேர்வு இது. 2010இல் நான்கு நிலைகளை ஐந்தாக்கிப் புது வடிவம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அதிகாரபூர்வமாக வந்த பயிற்சித் தொகுப்புகள் 2012இல் ஒன்று, 2018இல் ஒன்று. தேர்வு முடிந்ததும் கேள்வித்தாளை வாங்கிக்கொள்கிறீர்கள், விடைகளும் வெளிவருவதில்லை. எங்கே தவறினோம் என்று தெரியாமலே பிள்ளைகள் அடுத்த தேர்வுக்குப் படிக்கிறார்கள். விண்ணப்பம் திறக்கும் நாளன்று இணையதளம் திணறுகிறது, இடம் தீர்ந்துவிட்டது என்று வருகிறது. அந்தப் பதற்றத்தை வைத்து, இடம் பிடித்துத் தருகிறேன் என்று பணம் பறிக்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டும் பிள்ளைகள்தான் அவர்களிடம் ஏமாறுகிறார்கள். பேசத் தெரிகிறதா என்று இந்தத் தேர்வு சோதிப்பதே இல்லை. ஆகவே ஒருவர் காதால் எவ்வளவு மொழியை வாங்கிக்கொள்கிறார் என்பதைக் காட்ட இருக்கும் ஒரே இடம் லிசனிங்தான். அந்த ஒன்றையும் மின்விசிறிக்கு விட்டுக்கொடுத்தால் எப்படி?

சரி, இதில் பாதி உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். கேள்வித்தாளும் விதிகளும் ஜப்பானிலிருந்து வருகின்றன. மறுமதிப்பீடு வேண்டும் என்று உங்களிடம் கேட்பதில் பயனில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் எந்தக் கூடம், எத்தனை பெட்டி, எத்தனை வரிசை, யார் கண்காணிப்பு என்பது முழுக்க முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை மட்டும்தான் கேட்கிறேன்: கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் இந்தத் தேர்வை நடத்த நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். கூடம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வழி சொல்வது எல்லாம் லேசான வேலை இல்லை. நீங்கள் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள் இந்தத் தேர்வுக்காக வேறு மாநிலத்துக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும். அந்த நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, மையத்தின் வாசலில் பல் துலக்கிவிட்டு உள்ளே நுழையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்வரிசைக்காரருக்குக் கேட்கும் அதே குரல் கேட்கட்டும்.

டிசம்பர் முதல் ஞாயிறு தேர்வு. அனுமதிச் சீட்டு வருவதற்கு முன்பாக, லிசனிங்குக்கு என்ன ஒலி ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், கேட்காவிட்டால் யாரிடம் எப்போது சொல்ல வேண்டும், சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். ஆள் போதவில்லை என்றால் நான் வருகிறேன். என்2, என்1 முடித்த என் பழைய மாணவர்களும் வரத் தயாராக இருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை ஏதாவது ஒரு சாதாரண ஜப்பானிய உரையாடலை ஓடவிடுங்கள். ஒவ்வொரு அறையிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டு, எந்த இருக்கைக்குக் கேட்கவில்லை என்று எண் போட்டு எழுதித் தருகிறோம். சம்பளம் வேண்டாம். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு நடத்தும் ஜப்பானிய மொழி ஆசிரியர் ஒருவர்