வரி முடிவில் ஒரு சிறுகோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில், போட்டித் தேர்வுகளின் பழைய வினாத்தாள்கள் கிடைக்கும் இணைய முகவரி ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் பத்தி குறுகல், முகவரியோ நீளம். ஒரு வரியில் அடங்காததால் அதை ஒடித்து, ஒடித்த இடத்தில் ஒரு சிறுகோடு இட்டு, மீதியை அடுத்த வரியில் போட்டிருந்தீர்கள். தமிழ்ச் சொல்லை ஒடிக்கும்போது பெரும்பாலும் நாம் கோடு போடுவதில்லை. ஆங்கில எழுத்தைக் கண்டதும் பக்கம் அமைக்கும் மென்பொருளே அதைச் செருகிவிடுகிறது போலும். கடைசியில் வாக்கியத்துக்குரிய முற்றுப்புள்ளி வேறு முகவரியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மூவர் கோட்டையும் புள்ளியையும் சேர்த்து அப்படியே தட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, அப்படி ஒரு பக்கமே இல்லையாம்" என்று வந்து நின்றார்கள். கோட்டையும் புள்ளியையும் நீக்கினேன். உடனே திறந்தது.

ஒரு கோட்டுக்காகக் கடிதமா என்று நீங்கள் சிரிக்கலாம். நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓர் எண் மாறினால் புத்தகம் காணாமல் போனதற்குச் சமம் என்று பழகிய கை. மேலும் எங்கள் ஊர் சீர்காழி. நூலகத் துறையின் எஸ்.ஆர். இரங்கநாதன் 1892இல் பிறந்த ஊர். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்வது என் வழக்கம், இங்கும் சொல்லிவிட்டேன்.

இணைய முகவரி எழுதுவதற்கான பொது இலக்கணம் ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தரநிலை ஆவணமாக 2005 ஜனவரியில் வந்தது. எழுதியவர்கள் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மசின்டர் ஆகிய மூவர். அதன் பிற்சேர்க்கை ஒன்று கிட்டத்தட்ட உங்கள் அலுவலகத்துக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. அச்சுக்கோப்பவர்கள் வரி முடிவில் தவறுதலாகக் கோடு சேர்த்துவிடக்கூடும், அது முகவரியைச் சேர்ந்ததா இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது என்று அது எச்சரிக்கிறது. முகவரியைக் கோண அடைப்புக்குறிகளுக்குள் அச்சிடலாம் என்று வழியும் சொல்கிறது. சிறுகோடு முகவரிக்குள் வரத் தகுதியுள்ள குறி என்பதால்தான் இந்தக் குழப்பம்.

முகவரியில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வேலை இருக்கிறது. முக்காற்புள்ளிக்கு முன்னால் நிற்கும் சொல், மீதியை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறது. எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் வலைப்பக்கம், மெயில்டு என்றால் மின்னஞ்சல், டெல் என்றால் தொலைபேசி எண். டீக்கடைச் சுவரில் பணம் செலுத்த ஒட்டிய கியூஆர் கட்டமும் இதே குடும்பம்தான். அதற்குள் யுபிஐ என்று தொடங்கி, பணம் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் முகவரி ஒன்று பொதிந்திருக்கிறது. வலைப்பக்க முகவரியில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வருவது தளத்தின் பெயர். அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. அதற்கடுத்து, தளத்துக்குள் பக்கம் எங்கே என்று காட்டும் பாதையில் அந்தச் சலுகையை நம்ப முடியாது. ஒரு சின்ன 'ஏ' பெரிய 'ஏ' ஆனாலும் வேறு பக்கம் என்று சில தளங்கள் கொள்ளும். சதுரக்கட்டுக் குறிக்குப் (#) பின் வருவது மட்டும் தளத்துக்கு அனுப்பப்படுவதே இல்லை. உதவியாளர் புத்தகத்தை எடுத்துவந்து கொடுப்பார், 47ஆம் பக்கத்தைப் புரட்டுவது வாசகர் வேலை என்பதுபோல, பக்கத்துக்குள் இடம் தேடுவதை உலாவியே செய்துகொள்கிறது.

கோட்டை நீக்கினால் திறக்கும் முகவரியைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. எதை நீக்கினாலும் திறக்காதவை என் குறிப்பேட்டில் இருக்கின்றன. பாடத்திட்டம், அரசாணை, மாதிரித் தேர்வு என்று பயனுள்ள முகவரிகளைப் பிள்ளைகளுக்காகப் பல ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கிறேன். அண்மையில் ஓர் அலுவலகம் (பெயர் வேண்டாம்) தன் தளத்தைப் புதுப்பித்தது. வண்ணமெல்லாம் அழகுதான். ஆனால் அந்தத் தளத்துக்கென்று நான் ஒதுக்கியிருந்த இரண்டு பக்கங்களில் ஒரு முகவரிகூட இப்போது உயிரோடு இல்லை. ஆவணங்கள் எங்கும் போய்விடவில்லை. அதே தளத்தில் வேறு பாதையில் கிடக்கின்றன.

இந்தப் பள்ளத்தில் நூலகங்கள் முன்பே விழுந்து எழுந்துவிட்டன. அலமாரி எண், தட்டு எண், அந்தத் தட்டில் எத்தனையாவது என்று புத்தகத்தின் முதுகில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. தட்டு நிரம்பிவிட்டால் எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டும், பட்டியலையும் திருத்த வேண்டும். 1876இல் வந்த டூயி தசமப் பகுப்பும் 1933இல் இரங்கநாதன் தந்த கோலன் பகுப்பும் புத்தகம் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அது பேசும் பொருளை வைத்து எண் கொடுத்தன. நான் பணியிலிருந்தபோது எங்கள் கிளை வாடகை வீட்டிலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாறியது. மினி லாரியில் புத்தகங்களை ஏற்றி இறக்க இரண்டு நாள் ஆயிற்று. ஒரு புத்தகத்தின் எண்ணைக்கூட மாற்றவில்லை.

வலைத்தளப் பெயருக்கும் ஏறக்குறைய இந்த வசதி உண்டு. தளம் இருக்கும் கணினியைச் சென்னையிலிருந்து மும்பைக்குத் தூக்கிப் போனாலும் பெயர் அப்படியே இருக்கும். பெயருக்குப் பின்வரும் பாதையில்தான் கோளாறு. அதில் அலுவலகப் பிரிவின் பெயர், கோப்புறையின் பெயர், அன்றைக்குப் பயன்படுத்திய மென்பொருளைக் காட்டும் பின்னொட்டு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள். பிரிவு கலைந்தாலோ மென்பொருள் மாறினாலோ முகவரியும் போயிற்று. இவற்றையெல்லாம் முகவரியில் சேர்க்காதீர்கள் என்று பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதிவிட்டார்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள்படும் 301 என்ற பதில் எண்ணோடு புது முகவரியையும் சேர்த்து அனுப்பும்படி தளத்தை அமைத்தால், பழைய முகவரியைத் தட்டியவரை உலாவி தானே புதிய இடத்தில் சேர்த்துவிடும். ஒன்றை வேண்டுமென்றே நீக்கிவிட்டால் 410 என்று நேர்மையாகச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் 404, அதாவது பக்கம் கிடைக்கவில்லை என்று கையை விரிப்பது, "புத்தகம் இல்லை" என்று எழுந்துகூடப் பார்க்காமல் சொல்லும் நூலகரை நினைவூட்டுகிறது. ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிலையான எண் கொடுக்கிறார்கள். பதிப்பகம் கைமாறினால், அந்த எண்ணுக்கு எதிரே பதிந்துள்ள முகவரியைத் திருத்தினால் போதும், கட்டுரையின் எண் மாறாது. அரசாணைக்கும் வினாத்தாளுக்கும் அப்படி ஓர் ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கக்கூடாதா?

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். முகவரியை ஒடிக்க நேர்ந்தால் சாய்கோட்டுக்குப் பின்னால் ஒடியுங்கள், கோடு சேர்க்காதீர்கள், முற்றுப்புள்ளியை ஒட்டாதீர்கள். தளங்களைப் புதுப்பிக்கும் அலுவலகங்களிடம், பழைய முகவரிகளை என்ன செய்தீர்கள் என்று உங்கள் நிருபர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்.

இந்தக் கடிதத்தில் இணைய முகவரி ஒன்றைக்கூட முழுதாக எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் பத்தியின் அகலம் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிளை நூலகர்,
சீர்காழி.