சேகரு, அந்த ஃபோன் பொய், ஆனா டிக்கெட் நெஜம்

டேய் சேகரு,

உன் வாய்ஸ் மெசேஜ ராத்திரி கேட்டேன், காலைல எந்திரிச்சு இன்னொரு தடவ கேட்டேன், பாதிக்கு மேல உன் குரலே சரியில்ல. டைப் பண்ணியே பதில் சொல்றேன், தங்கச்சிக்கும் படிச்சு காட்டு, ஃபோன்ல பேசினா நீ நடுவுல நடுவுல "ஐயோ"ன்னுட்டே இருப்ப.

மொதல்ல, உன் பையன் கார்த்திக்குக்கு இங்க டெக்ஸஸ்ல வந்த கால் சுத்த டுபாக்கூர். ஷெரிஃப் ஆபீஸ், அதாவது ஜில்லா போலீஸ் மாதிரி, அங்கேர்ந்து பேசறேன், உன் பேர்ல வாரண்ட் இருக்கு, ஒரு மணி நேரத்துல கிஃப்ட் கார்டு வாங்கி பின்னாடி இருக்கற நம்பர சொல்லுன்னு எந்த கோர்ட்டும் எந்த போலீசும் கேக்க மாட்டாங்க. இங்க பல வருஷமா நடக்கற திருட்டு இது, ஜூரி டூட்டிக்கு, அதாவது கேஸ் கேட்டு தீர்ப்பு சொல்ல கோர்ட் கூப்பிட்டதுக்கு, வரலன்னு சொல்லி எனக்கே ஒரு தடவ வந்திருக்கு. அவன் காசு எதுவும் கட்டலைல்ல, அது போதும்.

ஆனா மெசேஜ் கடைசில போற போக்குல ஒண்ணு சொன்ன பாரு, போன வருஷம் ஹைவேல ஸ்பீடுக்கு டிக்கெட் வாங்கினான், அப்புறம் வீடு மாறிட்டான், கட்டினானா இல்லையான்னு அவனுக்கே ஞாபகம் இல்லன்னு. எனக்கு வயித்த கலக்கினது அதுதான். ஃபோன் பண்ணவன் குருட்டாம்போக்குல அடிச்சிருப்பான், ஆனா வாரண்ட் நெஜமாவே இருக்கலாம்டா.

வாரண்ட்னதும் நீ நம்மூர் பேப்பர்ல வர்ற பிடிவாரண்ட் ரேஞ்சுக்கு யோசிக்காத. போலீஸ் ஒரு குத்தத்த விசாரிச்சு, ஆதாரத்தோட ஜட்ஜ்கிட்ட போய் வாங்கறது அரெஸ்ட் வாரண்ட், அது வேற. கார்த்திக்குக்கு இருந்தா அது பெஞ்ச் வாரண்டாதான் இருக்கும், அதாவது வர சொன்ன தேதிக்கு நீ கோர்ட்டுக்கு வரல, இல்ல கட்ட சொன்ன ஃபைன கட்டல, அதனால ஜட்ஜே போடறது. பாதி கேஸ்ல ஆளுக்கு விஷயமே தெரியாது, லெட்டர் பழைய அட்ரஸுக்கு போயிருக்கும். டெக்ஸஸ்ல டிக்கெட்ல கையெழுத்து போட்டேன்னாலே இந்த தேதிக்குள்ள வந்து ஆஜராவேன்னு எழுதி குடுத்த மாதிரி, அப்புறம் வரலைன்னா ஸ்பீடு கேஸ் ஒண்ணு, வாக்கு தவறினதுக்கு தனியா ஒரு கேஸ், ரெண்டும் சேந்துக்கும்.

எனக்கு எப்படி இவ்ளோ தெரியும்னு கேப்ப. 2019ல நானே மாட்டினேன், உன்கிட்ட சொல்லல, வெக்கமா இருந்துச்சு. லைசென்ஸ் ரெனியூ பண்ண போனா கவுண்டர்ல இருந்த அம்மா ஸ்க்ரீன பாத்துட்டு "முடியாது, ஒரு கோர்ட்ல உங்க கேஸ் பெண்டிங்"ன்னாங்க. பின்னாடி நாப்பது பேர் நிக்கறாங்க, எனக்கு காதெல்லாம் சூடாயிடுச்சு. ஆஜராகாதவங்களுக்கு லைசென்ஸ் ரெனியூவல நிறுத்தி வைக்கற ஏற்பாடு இங்க இருக்கு, அத எடுக்க அப்போ 30 டாலர் ஃபீஸ், 2020லேர்ந்து 10 டாலரா குறைச்சிட்டாங்க. வீட்டுக்கு வந்து அந்த ஊர் முனிசிபல் கோர்ட் சைட்ல என் பேர போட்டு தேடினேன், "ரெக்கார்ட் இல்ல"ன்னு வந்துச்சு. அப்பாடான்னு காபி போட்டு குடிச்சேன். மறுநாள் ஒரு சந்தேகத்துல கோர்ட் கிளார்க்குக்கு ஃபோன் போட்டு லைசென்ஸ் நம்பரும் பொறந்த தேதியும் சொன்னா, "இருக்கே, ரெண்டு வாரண்ட்"ங்கறாங்க. என்னன்னா எங்கப்பா பேரு ராமசாமிதான் பாஸ்போர்ட்ல எனக்கு சர்நேம், டிக்கெட் எழுதின ஆள் அத முன்னாடி போட்டு பாலசுப்ரமணியன கடைசி பேரா ஆக்கிட்டான், அதுவும் கட்டத்துக்குள்ள கொள்ளாம பாதில நிக்குது. கம்ப்யூட்டர் மேல தப்பே இல்ல, அப்படி ஒரு மனுஷனதான் அது தேடிட்டு இருந்திருக்கு.

அதனால கார்த்திக்குக்கும் பேர்தான் பிரச்சனையா இருக்க போகுது. அவனுக்கு சர்நேமா வர்ற உன் பேரு சந்திரசேகரன், அத இங்கிலீஷ்ல எழுதறப்ப ச பக்கத்துல ஒரு எச் வருமா, க பக்கத்துல ஒரு எச் வருமான்னு ஒவ்வொருத்தன் ஒரு மாதிரி எழுதுவான். எல்லா ஸ்பெல்லிங்கும், முன்ன பின்ன மாத்தியும், வெறும் மொத நாலு எழுத்த மட்டும் போட்டும் தேடணும். சர்நேமே இல்லாத பாஸ்போர்ட்னா விசால மொத பேர் இடத்துல எஃப்என்யூன்னு, அதாவது மொத பேர் தெரியலன்னு, போட்டிருப்பான், அதையும் ஒரு தடவ அடிச்சு பாக்கணும். டிக்கெட் நம்பரோ லைசென்ஸ் நம்பரோ இருந்தா இந்த கூத்தே வேணாம்.

எங்க தேடறதுங்கறது அடுத்த தலைவலி. நம்மூர்ல இ-கோர்ட்ஸ்னு ஒரே சைட், 16 இலக்க சிஎன்ஆர்ங்கற கேஸ் நம்பர் போட்டா எந்த ஜில்லா கேஸும் வந்துடும், அந்த ஒரு விஷயத்துல நாம தேவலடா, நெஜமாதான் சொல்றேன். இங்க ஃபெடரல் கோர்ட்டுக்குதான் பேசர்னு ஒரு சைட் இருக்கு, பக்கத்துக்கு 10 சென்ட் வாங்கிப்பான், ஸ்பீடு டிக்கெட்டெல்லாம் அதுல கெடையாது. டெக்ஸஸ்ல மட்டும் 254 கவுண்டி, நம்மூர் ஜில்லா மாதிரி, ஒவ்வொரு ஊர் முனிசிபல் கோர்ட்டும் தனி. டிக்கெட் குடுத்தது யாருன்னு அவன்கிட்ட கேளு. ஊர் போலீஸ்னா பெரும்பாலும் அந்த ஊர் முனிசிபல் கோர்ட், ஸ்டேட் ட்ரூப்பரோ ஷெரிஃப் டெபுட்டியோன்னா அந்த கவுண்டில இருக்கற ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்ங்கற சின்ன கேஸ் கோர்ட். ஹைவேன்னு சொல்றதால எனக்கென்னமோ ரெண்டாவதுதான்னு தோணுது. எந்த எக்ஸிட் பக்கம்னு சொன்னா கவுண்டிய நான் கண்டுபிடிச்சிடுவேன். "இலவச வாரண்ட் தேடல்"னு போட்டுட்டு கடைசில கிரெடிட் கார்ட் கேக்கற சைட் பக்கம் மட்டும் போக வேணாம்னு சொல்லு, எப்பவோ அள்ளின பழைய லிஸ்ட வச்சிருப்பான், முடிஞ்ச கேஸ இருக்குங்கறான், இருக்கறத இல்லங்கறான்.

இன்னொண்ணு, பெஞ்ச் வாரண்ட்ங்கற வார்த்தைய இங்க ரெக்கார்ட்ல தேடினா கெடைக்காது. ஆஜராகாததுக்கு போட்டத அலையஸ் வாரண்ட்னு எழுதுவாங்க, தீர்ப்பு ஆகி ஃபைன் கட்டாததுக்கு போட்டது கேபியஸ் ப்ரோ ஃபைன். மொதலாவதுன்னா இன்னும் வாதாட இடம் இருக்கு, ரெண்டாவதுன்னா கேஸ் முடிஞ்சிடுச்சு, பணம்தான் பாக்கி. அந்த ஒரு வரிய பாத்து அலறாம அதுக்கு கீழ தேதி வாரியா என்னென்ன எழுதியிருக்குன்னும் படிக்கணும். ரீகால்ட்னோ (வாபஸ் வாங்கியாச்சு) சர்வ்ட்னோ (ஆள புடிச்சாச்சு) பின்னாடி வந்திருந்தா அந்த வாரண்ட் செத்துப்போச்சு. அப்படி எதுவும் இல்லைன்னா எத்தன வருஷம் ஆனாலும் உயிரோடதான் இருக்கும், தானா காலாவதி ஆகாது. மார்ச் மாசம் பக்கம் டெக்ஸஸ் முழுக்க பல ஊர் போலீஸ் சேந்து வாரண்ட் ரவுண்டப்னு ஒண்ணு நடத்துவாங்க, இந்த மாதிரி சின்ன கேஸ் ஆளுங்களதான் தேடி புடிப்பாங்க.

கோர்ட்டுக்கு போனா அங்கயே புடிச்சு வச்சுக்குவாங்களான்னு தங்கச்சி கேக்கும். நானும் அதே பயத்துல பார்க்கிங்ல இருபது நிமிஷம் கார்லயே உக்காந்திருந்தேன். ஃபைனோட முடியற கேஸ்ல ஆள் தானா வந்து ஒழுங்கா முடிக்க பாத்தா, புடிக்கறதுக்கு முன்னாடின்னா, கோர்ட் அந்த வாரண்ட வாபஸ் வாங்கியே ஆகணும்னு 2017ல இந்த ஸ்டேட்ல சட்டமே போட்டாங்க. அதே சட்டத்துலதான், மொத தேதிக்கு வரலைன்னா உடனே வாரண்ட் போட கூடாது, ஃபோன்லயோ தபால்லயோ 30 நாளுக்குள்ள இன்னொரு தேதி சொல்லணும்னும் இருக்கு. பாவம், அந்த தபாலும் பழைய வீட்டுக்குதான் போயிருக்கும். அட்ரஸ் மாறினா 30 நாள்ல லைசென்ஸ்ல மாத்தணும்னு இருக்கு, எவன் மாத்தறான். கடைசில நான் உள்ள போனப்ப கோர்ட் ஜன்னல்ல இருந்த பொண்ணு என்ன நிமிந்து கூட பாக்கல, ரெண்டு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு அடுத்த ஆள கூப்பிட்டுது.

ஆனா கார்த்திக் ஸ்டூடண்ட் விசால இருக்கான், அதனால என்ன மாதிரி நேரா போய் நிக்க வேணாம், வக்கீல் வச்சு போகட்டும். 2025 ஏப்ரல்ல ஏகப்பட்ட பசங்களோட செவிஸ் ரெக்கார்ட, அதாவது வெளிநாட்டு ஸ்டூடண்ட் பத்தி கவர்மெண்ட் வச்சிருக்கற பதிவ, திடீர்னு கேன்சல் பண்ணாங்கல்ல, அதுல சின்ன டிராஃபிக் விஷயம் மட்டும் இருந்தவங்களும் இருந்தாங்க, கோர்ட்டுக்கு போனப்புறம்தான் திரும்ப ஆக்டிவ் பண்ணாங்க. காலேஜ்ல இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீஸ்லயும் ஒரு வார்த்த கேக்கட்டும். கேஸ் முடிஞ்சதும் கிளார்க்கிட்ட சீல் வச்ச டிஸ்போசிஷன் காப்பி, அதாவது கேஸ் எப்படி முடிஞ்சுதுன்னு சொல்ற தாள், வாங்கி பத்திரமா வைக்க சொல்லு, நான் சிட்டிசன்ஷிப்புக்கு போட்டப்ப ஃபார்ம்ல டிக்கெட் பத்தி கேட்டான், அந்த ஒத்த தாள் என் கைல இருந்ததால நான் வேர்க்காம உக்காந்திருந்தேன்.

மத்தபடி இங்க எல்லாம் சௌக்கியம், முழங்கால் மட்டும் மாடிப்படி பாத்தா மொணங்குது, டிசம்பர்ல ரெண்டு பேரும் வரலாம்னு இருக்கோம், உன் மாடி ரூம்லதான் டேரா. நீ அவன திட்டாத, திட்டினா அடுத்த விஷயத்த உன்கிட்ட மறைப்பான். இன்னிக்கு ராத்திரிக்குள்ள அவன் பாஸ்போர்ட் மொத பக்கத்தையும் லைசென்ஸையும் எனக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, பேர் எப்படி எப்படி அடிச்சிருக்குன்னு பாத்துட்டு நாளைக்கு காலைல நானே தேடறேன்.

பாலு