பள்ளி மேலாண்மைக் குழு: கையெழுத்துப் போட மட்டுமல்ல, பேசவும் வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பெற்றோர் வெளியூரில் வேலை பார்ப்பதால் பிள்ளைகளை வைத்து வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கும்,

வணக்கம். நம் பள்ளி மேலாண்மைக் குழுவின் இரண்டாண்டுக் காலம் முடிகிறது. புதிய குழுவைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோர் கூட்டம் விரைவில் கூடும். அதற்கு முன் சில விஷயங்களை உங்களிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தால், நாலாவது அஞ்சாவது படிக்கும் பிள்ளைகள் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

கூட்டத்துக்குச் சொல்லியனுப்பினால், "நோட்டைக் குடுத்தனுப்புங்க டீச்சர், கையெழுத்துப் போட்டுத் தர்றோம்" என்று பலரிடமிருந்து பதில் வருகிறது. அரை நாள் வேலையை விட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் தீர்மானப் பதிவேட்டை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். பேசாத பேச்சுக்குக் கையெழுத்து வாங்கி வைப்பதால் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லை.

இந்தக் குழு பள்ளிக்கூடம் உங்களுக்குச் செய்யும் மரியாதை என்று சிலர் நினைக்கிறீர்கள். அப்படியல்ல, இது சட்டம் கொடுத்த உரிமை. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேராவது பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குடும்பங்களுக்கு அவர்களின் பிள்ளைகள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். நம் மாநிலத்தில் 2022-இல் இந்தக் குழுக்களை 20 பேர் கொண்டதாக மாற்றி அமைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவராக வருபவர் ஒரு மாணவரின் தாய். தலைமையாசிரியரான நான் கூட்டத்தைக் கூட்டுகிற ஓர் உறுப்பினர், அவ்வளவுதான்.

நீங்கள் வந்து பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன ஆண்டு ஒரு கூட்டத்தில், அரசு தரும் பள்ளி மானியத்தில் என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். சுவருக்கு வண்ணம், விளையாட்டுச் சாமான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பின்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்கிறதில்ல டீச்சர். ஏண்டின்னு கேட்டா, பாத்ரூம் தாழ்ப்பா எட்டலங்கிறா" என்றார். எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தோம். தாழ்ப்பாள் பெரியவர்கள் உயரத்தில் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நுனிக்காலில் நின்று கையை நீட்டியும் ஒரு சாண் குறைந்தது. கதவைத் தாழிட முடியாததால் கழிப்பறைக்குப் போகாமல் இருக்க, அந்தப் பிள்ளை தண்ணீரையே விட்டிருக்கிறது. அன்றைக்கே தீர்மானம் எழுதினோம். அடுத்த வாரம் கதவின் கீழ்ப்பக்கத்தில் இன்னொரு தாழ்ப்பாள் வந்துவிட்டது. சில நூறு ரூபாய்ச் செலவு. அந்த அம்மா அன்று வயலுக்குப் போயிருந்தால் இந்த விஷயம் எங்கள் காதுக்கு வந்தே இருக்காது.

பணம் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, அதற்கு மேல் 250 வரை 50,000. நம்மிடம் 57 பிள்ளைகள், ஆக 25,000 ரூபாய்க்குக் கணக்கு. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதியை எதற்குச் செலவிடுவது, எதை முதலில் செய்வது என்பதைக் குழு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன. குழுவில் இல்லாத பெற்றோரும் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதைச் சந்தேகப்படுவதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மானியத்தில் அடங்காத பெரிய வேலைகளும் உண்டு. சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை போன்றவை. அவற்றைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதி மேலே அனுப்புகிறோம். அதே கோரிக்கையை நீங்கள் கிராம சபையிலும் எழுந்து சொன்னால் வலு கூடும். தலைமையாசிரியர் மனுக் கொடுப்பது வேறு, ஊரே நின்று கேட்பது வேறு.

கூட்டத்தில் குறைவாகப் பேசப்படுவது படிப்பைப் பற்றித்தான். இது எனக்கு உள்ளபடியே வருத்தம். காலை உணவு, குடிநீர், கட்டடம் எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். "என் பிள்ளை வாசிக்கிறாளா?" என்று மட்டும் கேட்கத் தயங்குகிறீர்கள். நாம படிக்கலையே, நாம எப்படிக் கேட்பது என்ற எண்ணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தத் தயக்கமே வேண்டாம். வாசிப்பையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். உங்கள் பிள்ளை இப்போது எந்த நிலை, மூன்று மாதம் முன்பு எந்த நிலை என்று கேளுங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். பிள்ளையின் வருகையையும் கற்றலையும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்கிறோம் என்பது உண்மை. அதற்காக நீங்கள் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

"டீச்சரைக் கேள்வி கேட்டா பிள்ளை மேல கோபத்தைக் காட்டுவாங்களோ" என்று ஒரு பாட்டி பக்கத்து வீட்டில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படி நடக்காது. நடந்ததாகத் தோன்றினால் குழுத் தலைவரிடம் சொல்லுங்கள், அதையும் கூட்டத்தில் பேசுவோம். ஆசிரியரை மாற்றுவதோ தண்டிப்பதோ குழுவின் அதிகாரத்தில் இல்லை. பள்ளி நேரத்துக்குத் திறக்கிறதா, பாடம் நடக்கிறதா என்று கண்காணிக்கும் அதிகாரம் உண்டு.

இன்னொன்று, வீட்டு ஆண்களுக்கு. குழுவுக்கு மனைவியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கூட்டத்துக்கு அவர் சார்பில் நீங்கள் வந்து உட்காராதீர்கள். நீங்கள் பேச நினைப்பதைப் பெற்றோராக வந்து தாராளமாகப் பேசலாம். உறுப்பினர் நாற்காலி அவருடையது. தாழ்ப்பாள் விஷயத்தை எந்த அப்பாவும் சொல்லவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. காலை, மதியம், மாலை இதில் எந்த நேரம் உங்களுக்குத் தோதுப்படும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பிள்ளையை விட வரும்போது வாசலில் சொல்லிவிட்டுப் போனாலும் போதும். கரும்பு வெட்டுக்குப் போகும் குடும்பங்கள் புறப்படும் முன் அவசியம் சொல்லுங்கள். பிள்ளை யாரிடம் இருக்கும், பள்ளிக்கு எப்படி வரும் என்று புதிய குழுவின் முதல் கூட்டத்திலேயே பேசி ஏற்பாடு செய்யலாம். கைக்குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டே வாருங்கள், சத்துணவு அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். குழுவில் சேர விருப்பமுள்ளவர்கள் பெயரை இந்த வாரமே என்னிடம் கொடுக்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி