208-வது பார்

ஏற்காடு,
ஐப்பசி, ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "அம்மா, பியானோவிலே அந்தப் பல்லேடை மறுபடியும் எடுத்திருக்கேன், கடைசியிலே வர்ற கோடாவிலே கை நிக்க மாட்டேங்குது" என்றாய். நான் பதில் சொல்லாமல், பாப்பாவுக்குச் சளி விட்டதா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை, சாமி. தொண்டை அடைத்துக்கொண்டது. போனில் சொல்ல வராததை எழுதிவிடுகிறேன்.

14 மாதமாக நானும் அதையேதான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அலமாரியை ஒழித்தபோது உன் பழைய நோட்ஸ், அந்த அச்சிட்ட இசைத்தாள், கிடைத்தது. இசையமைப்பாளர் சோப்பின் பியானோவுக்கு எழுதிய ஜி மைனர் பல்லேட், ஓபஸ் 23. முதல் பக்கங்கள் ஓரம் கறுத்து, மூலை மடிந்து, இரண்டு இடத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்தன. கடைசிப் பக்கங்களோ நேற்று வாங்கி வந்ததுபோல வெள்ளையாக இருந்தன. அது என்ன சொல்கிறது என்று முதலில் எனக்கு உறைக்கவில்லை. அப்புறம்தான் ஓரத்தில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன். சிவப்புப் பென்சிலில் "முதலிலிருந்து". அடுத்த பக்கத்தில் "மறுபடி முதலிலிருந்து". எண்ணிப் பார்த்தேன், ஏழு இடம்.

நீ எங்கே தடுமாறினாலும் உன்னை முதல் பாருக்கே, அந்த முதல் தாளக் கட்டத்துக்கே, திருப்பி அனுப்பியிருக்கிறேன். மொத்தம் 264 பார். முதல் 60 பாரை நீ எத்தனை நூறு தடவை வாசித்திருப்பாயோ! ஆனால் 208-வது பாரில் தொடங்கும் கோடாவை, களைக்காத கையோடும் தெளிந்த மனதோடும் ஒரு நாள்கூட வாசிக்க நான் உனக்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே வந்து சேரும்போதெல்லாம் உனக்குக் கை சோர்ந்திருக்கும், எனக்குப் பொறுமை தீர்ந்திருக்கும்.

சேலத்தில் அந்தத் தேர்வு நாளை நீ மறந்திருக்க மாட்டாய். 17 வயது உனக்கு. கோடா தொடங்கி நாலைந்து பாரில் நின்றுபோனாய். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. நீ முதல் பாருக்குப் போய் மறுபடி ஆரம்பித்தாய். திரும்பவும் அதே இடத்தில் நின்றது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். மலை ஏறும் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டுகிற வரை நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு நீ பியானோ மூடியைத் திறக்கவே இல்லை. பயிற்சி போதவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பயிற்சிக்குக் குறைவில்லை, அதை நான் கொடுத்த விதம்தான் தப்பு. நடுவிலிருந்து எடுத்து வாசிக்க உனக்கு ஒரு இடம்கூட நான் சொல்லித் தரவில்லை. நினைவு அறுந்தபோது, பாவம், உனக்குத் தெரிந்த ஒரே வாசல் முதல் பார்தான். என்னை மன்னித்துவிடு.

சரி, இப்போது நான் எப்படிப் பழகினேன் என்று சொல்கிறேன். உனக்குப் பிரயோசனப்படும்.

நோட்ஸைக் கடைசிப் பக்கத்தில் திறந்து வைத்தேன். இரண்டு கையும் எதிரெதிர்த் திசையில் ஆக்டேவாக, ஒரே சுரத்தின் கீழ்க் கட்டையையும் மேல் கட்டையையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, ஓடுகிற அந்த முடிவை மட்டும் ஒரு வாரம் எடுத்தேன். மெதுவாக, சத்தமில்லாமல். அது கைக்கு வந்ததும் அதற்கு முந்தின நாலு பாரைச் சேர்த்தேன். சுரவரிசையாக மேலேறும் ஸ்கேல், பல கட்டை சேர்ந்து ஒலித்துச் சட்டென்று அடங்குகிற மெல்லிய கார்டு, மறுபடி ஸ்கேல். பிறகு அதற்கும் முந்தின நாலு பார். பின்னாலிருந்து முன்னால் கோத்துக்கொண்டே வந்தேன். இப்படிப் பழகினால் எப்போது வாசித்தாலும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகிறோம். நாம் அன்றைக்குச் செய்தது நேர்மாறு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகப் போக உனக்குப் பயம் ஏறியது. 208-க்கு நான் வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று, வந்தபோது பயமே இல்லை. வீட்டுக்குப் போகிற வழி மாதிரி இருந்தது.

கோடாவின் இடக்கையைத் தனியாக எடு. அடியில் ஒரு நோட்டு, உடனே மேலே தாவி ஒரு கார்டு. இந்தத் தாவலில்தான் எல்லாம் கெடுகிறது. நம் ஏற்காடு பஸ் டிரைவர்களை நினைத்துப் பார். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றுவதில்லை. வளைவு வருமுன்னே கியரைக் குறைத்து, வண்டியை வெளிப்பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறார்கள். திரும்புவது பிறகு தானாக நடக்கிறது. அதுபோல, அடி நோட்டைத் தொட்ட கணமே கை மேலே போய்விட வேண்டும். போய், கட்டைகளை அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டு நில். விரல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார், அதற்கப்புறம் அழுத்து. இப்படி இரண்டு வாரம் செய்தேன். அழுத்துவதற்கு முன்பே அங்கே போயிருப்பதுதான் வேகம் என்று 62 வயதில் தெரிந்துகொண்டேன்.

வலக்கையில் வேறு சிக்கல். அழுத்தம் தாளத்தின் மேல் விழாமல் தள்ளித் தள்ளி விழுகிறது. அதை வாயால் சொல்லிப் பழகினேன். அடுப்படியில் சாம்பார் கொதிக்கும்போது இடது காலால் தாளம் போட்டுக்கொண்டு வலது கையால் மேடையில் தட்டுவேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிஷத்துக்கு 40 அரை நோட்டு என்று வைத்து ஆரம்பித்தேன். வாரத்துக்கு இரண்டு எண்ணுக்கு மேல் கூட்டவில்லை, கை இறுகுகிற அன்றைக்குக் குறைத்தும் விட்டேன். இப்போது 84-ல் நிற்கிறது. பெரிய கலைஞர்கள் இதைவிட வேகமாகப் போகிறார்கள். என் கைக்கு இது போதும். 84-ல் ஒவ்வொரு நோட்டும் கேட்கிறது.

கை இறுகுவதைப் பற்றி இன்னொன்று. "வலிச்சாத்தான் கை பழகும்" என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு, கண்ணு. சோப்பின் தன் மாணவி ஒருத்தி நாளுக்கு ஆறு மணி நேரம் வாசிப்பதாகச் சொன்னதைக் கேட்டுக் கோபப்பட்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தடுத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்குக் கையை முதலில் எல்லாமே வெள்ளைக் கட்டையான சி மேஜரில் வைக்கச் சொல்லவுமில்லை. ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்று வைக்கச் சொல்வாராம். நீளமான நடு விரல்கள் மூன்றும் கறுப்புக் கட்டையில் உட்காரும், கட்டை விரலும் சுண்டு விரலும் வெள்ளையில் இருக்கும். கை இயல்பாக இருக்கிற வடிவமே அதுதான். நான் 30 வருஷம் எல்லாப் பிள்ளைகளையும் சி மேஜரில்தான் ஆரம்பித்து வைத்தேன். இப்போது தினமும் காலையில் அந்த ஐந்து நோட்டில் கையை வைத்து, தோள் இறங்குகிற வரை அப்படியே உட்காருகிறேன். அதற்கப்புறம்தான் பல்லேட். உனக்கு முழங்கைக்குக் கீழே வலி வந்தால் அந்த நிமிஷமே மூடியை மூடு. நாளைக்கு வாசித்துக்கொள்ளலாம்.

எந்த நோட்டுக்கு எந்த விரல் என்று நான் குறித்த எண்களை எடுத்துக்கொள்ளாதே. பழைய நோட்ஸில் நான் எழுதியது எல்லாம் என் சின்னக் கைக்கு எழுதியது. உனக்கு அப்பா கை, ஆக்டேவுக்கு மேலேயே எட்டும். அன்றைக்கே நீயாக எழுத விட்டிருக்க வேண்டும்.

கோடா வந்த பிறகு மற்றதெல்லாம் சுலபம் என்று நினைத்தேன். ஒரு நாள் முழுவதையும் போனில் பதிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நோட்டெல்லாம் இருந்தது, பாட்டு இல்லை. ஈ ஃப்ளாட் மேஜரில் வருகிற அந்த இரண்டாவது மெட்டு, எவ்வளவு மிருதுவானது, அதில் என் இடக்கை வலக்கையை மூடிக்கொண்டு நின்றது. பெடலில் சத்தம் ஒன்றோடு ஒன்று கலங்கியது. முதல் மெட்டில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் நான் விழுங்கிவிட்டு அடுத்ததற்கு ஓடியிருந்தேன். மெருகு என்றால் மேலே எதையோ பூசுவது என்று நினைத்திருந்தேன். ஐந்து மாதம் நான் செய்ததெல்லாம் எடுத்துப் போடுகிற வேலைதான். தேவையில்லாத பெடல், தேவையில்லாத அழுத்தம், பயத்தில் வந்த அவசரம்.

ஏழாவது பாரில் மட்டும் ஒரு வாரம் இருந்தேன். அந்த நிதானமான தொடக்கம் முடிகிற இடத்தில் ஒரு கார்டு வருமே, அதில் ஒரு ஈ ஃப்ளாட் உறுத்திக்கொண்டு நிற்கும். சில பழைய பதிப்புகளில் அதை டி என்று மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள், காதுக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று. நான் உனக்கு டி என்றுதான் திருத்திக் கொடுத்தேன். சோப்பின் எழுதியது ஈ ஃப்ளாட். அதை வைத்து வாசித்துப் பார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு வருகிற அத்தனையும் அந்தக் கேள்விக்காக வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1836-ல் இது அச்சுக்கு வந்தபோது அவருக்கு 26 வயது. அவருடைய படைப்புகளிலேயே தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று இசையமைப்பாளர் ஷூமன் அவரிடம் சொன்னபோது, நீண்ட நேரம் மௌனமாக இருந்துவிட்டு, எனக்கும் இதுதான் பிரியமானது என்றாராம். அப்படிப்பட்ட ஒன்றை உனக்குப் பரீட்சைப் பாடமாக வைத்தேனே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

நினைவுக்கு 11 இடம் குறித்து வைத்திருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பி "106" என்றால் ஏ மேஜரில் அந்தப் பெரிய எழுச்சி என்று தெரியும். "208" என்றால் கை போய்விடும். பியானோ இல்லாமல், காபித் தோட்டத்துப் பாதையில் நடக்கும்போது மனதுக்குள் ஒவ்வொரு இடமாக எடுத்துப் பார்க்கிறேன். எந்த இடத்தில் மங்குகிறதோ அன்றைக்கு அதுதான் வேலை. நீ ரயிலில் வேலைக்குப் போகும்போது செய்யலாம்.

மே மாதம் கோடை விழாக் கூட்டத்தோடு உன் சித்தி வீட்டார் எல்லாரும் வந்து மூன்று வாரம் இருந்தார்கள். ஒரு நாள்கூட வாசிக்க முடியவில்லை. எல்லாம் போய்விட்டது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். போகவில்லை. வராமல் அடம்பிடித்த ஒரு தாவல் தானாக வந்திருந்தது. ஆகவே உனக்கு வேலை அதிகமாகி ஒரு வாரம் விட்டுப்போனால் மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

பியானோ நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது மஞ்சு ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடுகிறது. சத்தத்தைப் பெருக்குகிற சவுண்டு போர்டு பலகை ஈரம் குடித்துச் சுருதி ஏறிவிட்டது, நடுவில் இரண்டு கட்டை ஒட்டுகிறது. ஈரம் போக வழக்கம்போலக் கீழ்ப் பலகைக்குள் 25 வாட் குண்டு பல்பு எரிகிறது. புது எல்.இ.டி. பல்பில் சூடு இல்லை, ஆகாது. அப்பா சேலம் கடைவீதியில் அலைந்து பழைய மாதிரி பல்பு ஆறு வாங்கி வந்தார். பூச்சி உள்ளே இருக்கும் கம்பளி ஃபெல்ட்டைத் தின்னாமல் இருக்க அந்துருண்டையும் மாற்றினேன். மழை நின்று காற்று உலர்ந்த பிறகு, டிசம்பர் இரண்டாவது வாரம் ட்யூனர் வருகிறார்.

நீங்கள் 20-ஆம் தேதி வருகிறீர்கள். இதுவரை அப்பாவைத் தவிர யாருக்கும் நான் வாசித்துக் காட்டவில்லை. உனக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டப்போவதில்லை. ஸ்டூலில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறது. நீ வலக்கையைப் பார்த்துக்கொள், நான் இடக்கை. மெட்ரோனோமை 50-ல் வைப்போம். 208-லிருந்து எடுப்போம்.

பாப்பாவுக்கு ஸ்வெட்டர் மறக்காமல் எடுத்து வா. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

அன்புடன்,
அம்மா