எங்கள் நோய் விவரம் ரேமிலும் பூட்டியிருக்கட்டும்

பெருநகர சென்னை மாநகராட்சியின் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். கிளவுட் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. மக்களின் உடல்நல விவரங்களைக் கையாள அடுத்து நீங்கள் டெண்டர் விடும்போது, சர்வரில் பயன்பாட்டில் இருக்கும்போதும் அவை பூட்டியே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

வடசென்னையில் எங்களைப் பற்றிப் பதிவாகும் விவரம் கொஞ்சநஞ்சமல்ல. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும், பிக்மி என்ற இணையப் பதிவேட்டில் கர்ப்பிணிகளும், நிக்‌ஷய் என்ற இணையப் பதிவேட்டில் காசநோயாளிகளும் பதிவாகிறார்கள். இதெல்லாம் வேண்டும். 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய்க் கசிவும் அம்மோனியாக் கசிவும் அடுத்தடுத்து நடந்தனவே, அங்குள்ளவர்களின் உடல்நலத்தை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் எங்கள் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். காசநோய் விவரம் கேட்டு வரும் அக்கா வாசலில் நின்று டேப்லெட்டைத் திறந்தால், வீட்டுக்காரம்மா அவரை உள்ளே கூப்பிட்டு, கதவை ஒருக்களித்துவிட்டுத்தான் பேசுவார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால் குரல் இன்னும் தாழும். டேப்லெட்டை விட்டுப் போன பிறகு அந்த விவரத்தைக் காப்பது உங்கள் பொறுப்பு.

“எல்லாம் என்கிரிப்ட் செய்திருக்கிறோம்”, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைத்திருக்கிறோம் என்பார்கள் ஒப்பந்தக்காரர்கள். டிஸ்க்கில் இருக்கும்போது உண்மை, நெட்வொர்க்கில் போகும்போதும் உண்மை. ஆனால் ஒரு பட்டியல் எடுக்க வேண்டுமென்றால்கூட விவரம் ரேமுக்கு, அதாவது சர்வர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்துக்கு, வந்தாக வேண்டும். சாதாரண சர்வரில் அங்கே பெயர், தெரு, நோய், மாத்திரை எல்லாம் வெறும் எழுத்தாகக் கிடக்கும். சர்வர் மேல் முழு அதிகாரம் உள்ளவர் ரேமை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துவிடலாம். பழுது பார்க்கும்போது நாங்கள் எடுப்பதும் உண்டு. அந்தக் கோப்பில் ஒரு பெயரைத் தேடினால், பக்கத்திலேயே மற்ற விவரங்களும் கிடைக்கும்.

இதை அடைக்க வந்ததுதான் கான்ஃபிடென்ஷியல் கம்ப்யூட்டிங். பிராசஸர் தயாரிக்கும் நிறுவனங்களான ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் போன்ற வசதிகள் உள்ள பிராசஸர்கள், ரேமில் எழுதுவதையும் என்கிரிப்ட் செய்தே எழுதுகின்றன. ரேமைப் பூட்டும் இந்தச் சாவி பிராசஸருக்குள்ளேயே இருக்கும். கிளவுட் நிறுவனத்தின் ஊழியர் வெளியிலிருந்து ரேமை நகலெடுத்தாலும் குப்பைதான் கிடைக்கும்.

இதைவிட முக்கியம் அட்டெஸ்டேஷன். உள்ளே ஓடுவது இன்ன மென்பொருள்தான், ஒரு வரிகூட மாறவில்லை என்று பிராசஸரே கையெழுத்திட்டுத் தரும் சான்று அது. அந்தச் சான்று சரியாக இருந்தால் மட்டுமே டேட்டாவைத் திறக்கும் சாவியைக் கொடுக்கும்படி அமைக்கலாம். அந்தச் சாவி ஒப்பந்தக்காரரிடம் இருக்கக் கூடாது, உங்களிடம் இருக்க வேண்டும். பல டெண்டர்களில் தவறிப்போகக்கூடிய இடம் இதுதான். வசதியை வாங்கிவிட்டு, சான்றைச் சரிபார்க்காமலே சாவியைக் கொடுத்தால் செலவுதான் மிச்சம்.

இது எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் ஃபோர்ஷேடோ என்ற தாக்குதல் இதே வேலைக்காக இன்டெல் முன்பு கொண்டுவந்த எஸ்ஜிஎக்ஸ் வசதியையே உடைத்துக் காட்டியது. 2025-ல் ஆய்வாளர்கள் ரேமுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஒரு சிறு பலகையைச் செருகிப் புதிய பிராசஸர்களையும் ஏமாற்றினார்கள். ஆகவே சர்வர் அறைக்குள் யார் போகிறார்கள் என்ற கட்டுப்பாடும், பிராசஸருக்கான அப்டேட்டுகளும் கட்டாயம் தேவை. மென்பொருளிலேயே ஓட்டை இருந்தாலும், பார்க்க அனுமதி உள்ளவரே எக்செலில் இறக்கி வாட்ஸப்பில் அனுப்பினாலும் எந்த பிராசஸரும் காப்பாற்றாது. அதற்கு 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விவரத்தைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கையை நீங்களும் குறைக்க வேண்டும்.

அப்புறம், செலவு. கொஞ்சம் கூடும், வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் இந்த வகை சர்வர்களைப் பெரிய கிளவுட் நிறுவனங்கள் ஏற்கெனவே வாடகைக்கு விடுகின்றன, பெரும்பாலும் மென்பொருளைத் திருத்தி எழுதவும் வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. காசநோய், எச்ஐவி, மனநலம், கர்ப்பம் பற்றிய விவரங்களிலிருந்து தொடங்குங்கள். டெண்டரில் எழுதுங்கள்: பயன்பாட்டில் இருக்கும்போதும் டேட்டா என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும், அதைத் திறக்கும் சாவி மாநகராட்சியிடம் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை சர்வர் தொடங்கும்போதும் அட்டெஸ்டேஷன் சரிபார்க்கப்பட்டுப் பதிவாக வேண்டும். அந்தப் பதிவை வெளியாள் ஒருவர் தணிக்கை செய்து, அறிக்கையைத் தமிழில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சர்வர் பராமரிப்பாளன்