ஆண்டறிக்கை 2024–25: சமய உரிமைக்கும் அமைதிக்கும் உழைத்தோரைப் பாராட்டும் பணி

தலைவர் அவர்களுக்கும், ஜமாஅத், பங்குப் பேரவை, கோயில் நிர்வாகப் பெரியவர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடப்பதால் வழக்கம்போல இந்த நாட்களிலேயே கூடியிருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை பாராட்டுப் பணியைப் பற்றியது மட்டும்.

இவ்வாண்டு 11 பரிந்துரைகள் வந்தன. மேடையில் நன்றாகப் பேசுகிறார் என்பதைத் தவிர வேறு காரணம் எழுதப்படாத 4 படிவங்களைக் குழு முதல் நாளே ஒதுக்கியது. மற்ற ஒவ்வொன்றுக்கும் இருவர் நேரில் போய் மூன்று பேரிடம் விசாரித்தார்கள்: அவர் தெருக்காரர் ஒருவர், வேறு சமயத்தார் ஒருவர், அவர் செய்த காரியத்தை அன்று எதிர்த்தவர் ஒருவர். மூன்றாமவர் சொல்வதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. எதிர்த்தவரே "எனக்குப் பிடிக்கலை, ஆனா நியாயமாத்தான் நடந்துக்கிட்டார்" என்றால் அதற்கு மேல் சான்று தேவையில்லை. எதிர்த்தவர் என்று ஒருவருமே கிடைக்காவிட்டால், அங்கே பிரச்சினையே இருந்திருக்காது, அல்லது படிவத்தை எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது.

குழுவில் அதிக நேரம் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. நல்லிணக்கமும் சமய உரிமையும் ஒன்றா? தர்காவின் சந்தனக்கூட்டு விழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருவதும், அருளானந்தர் உயிர்விட்ட ஓரியூரின் செம்மண்ணை இந்துக் குடும்பங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவதும் நல்லிணக்கம். அது நம் கரையில் பழகிப்போன சங்கதி. உரிமை என்பது வேறு. நாலு வீட்டார் மட்டும் நம்பும் ஒன்றை அவர்கள் தடையில்லாமல் நம்புவதும், ஒருவர் சமயம் மாறினாலும் ஒன்றையுமே நம்பாமல் இருந்தாலும் ஊர்த் தண்ணீரும் கடற்கரை இடமும் அவருக்கு மறுக்கப்படாததும் உரிமை. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தைத்தான் முதலில் சொல்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமை அதோடு வருகிறது. கூட்டமாகச் சேர்ந்து உண்ணும் ஊரிலும் தனியாக நிற்பவருக்கு இடம் இல்லாமல் போகலாம். அதனால் இனிப் படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும்.

பாராட்டப்பட்டவர்கள் மூவர். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் அச்சில் இல்லை, பதிவேட்டில் உள்ளன.

முதலாமவர், மயானத்துக்கும் கபர்ஸ்தானுக்கும் பொதுவான பாதையில் எழுந்த தகராறைத் தீர்த்தவர். சமாதானக் கூட்டத்தில் இரு தரப்பும் வாய்வழி எல்லையையே பேசிக்கொண்டிருந்தபோது, வருவாய்த் துறையின் நில ஆவணங்களான 'அ' பதிவேட்டு நகலையும் புலப்பட நகலையும் வாங்கி வந்து, நில அளவையரை வைத்து இரு தரப்பும் பார்க்க அளந்து கல் நட வைத்தார். வாய்வழி எல்லை ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்சம் நகரும். கல் நகராது.

இரண்டாமவர், சமயம் மாறிய ஒரு குடும்பத்தின் மீதிருந்த ஊர்விலக்கை எடுக்க வைத்தவர். மேடையில் அந்தக் குடும்பத்தையோ ஊரையோ யாரும் குறிப்பிடவில்லை. பாராட்டு விழாவே பழைய புண்ணைக் கிளறி, காப்பாற்றப்பட்டவர்களை மறுபடி தெருவில் நிறுத்திவிடும் ஆபத்து இந்த வகையில் அதிகம்.

மூன்றாமவர் விழாக் கணக்கு வைத்திருப்பவர். 2025இல் மகாசிவராத்திரி பிப்ரவரி 26, ரமலான் முதல் நோன்பு மார்ச் 2, கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 5, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மார்ச் 14, 15. மூன்று வாரத்துக்குள் எல்லாம். இஸ்லாமிய நாட்கள் பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால், ஊர்வல அனுமதி மனுவில் இரண்டு தேதியும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால், மாறிய நாளில் அதே சாலை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். சண்டைக்கு அது போதும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதியையும் எல்லாத் தரப்புக்கும் ஒரே தாளில் அடித்துக் கொடுக்கிறார்.

விழா பிப்ரவரி முதல் சனிக்கிழமை நடந்தது. ஐ.நா. 2010இல் அறிவித்த சமய நல்லிணக்க வாரம் பிப்ரவரி முதல் வாரம்தான் என்பது ஒரு வசதி. அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்து 4.30க்குத் தொடங்கி, அந்தி நேர மஃரிப் பாங்குக்கு முன் முடித்தோம். வெள்ளி ஜும்மாவும் ஞாயிறு காலைப் பூசையும் குறுக்கிடவில்லை. இடம் எந்த வழிபாட்டுத் தலமும் அல்லாத பொதுக் கூடம். குத்துவிளக்கு இல்லை, தமிழ்த்தாய் வாழ்த்து மட்டும். நெற்றியில் சந்தனம் வைப்பதும் மாலை போடுவதும் சிலருக்குச் சங்கடம். வாங்குபவர் மேடையில் மறுக்க முடியாமல் நெளிவார். எனவே வெள்ளைத் துண்டு ஒன்று, கையில் கொடுத்தோம். காவியும் பச்சையும் வாங்கி வைத்துவிட்டு யாருக்கு எது என்று கடைசி நிமிடத்தில் முழிக்க வேண்டியதில்லை. கேடயத்தையும் நிறுத்தியாயிற்று. உப்புக் காற்றில் முலாம் இரண்டு வருடத்தில் பச்சை பூத்துவிடுகிறது. பனையோலைப் பெட்டியில் கீழக்கரைத் தொதல் இனிப்பும், செய்த காரியத்தை நாலு வரியில் சொல்லும் பாராட்டிதழும் வைத்தோம். "சமயச் செம்மல்" வகை அடைமொழி ஒன்றும் இதழில் கிடையாது. பட்டங்கள் வழங்கக் கூடாது என்னும் 18ஆம் பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும், நம்மை அல்ல. ஆனாலும் பட்டம் கொடுத்தால் அடுத்த வாரம் அது சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் நிற்கும்.

விருதுக்கு இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் பெயரை வைக்கலாம் என்ற தீர்மானம் நீண்ட விவாதத்துக்குப் பின் ஒத்திவைக்கப்பட்டது. பாஸ்கர சேதுபதி விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப உதவியதும், 1897 ஜனவரி 26 அன்று பாம்பன் குந்துகாலில் அவரை வரவேற்றதும் எல்லோரும் அறிந்தவை. கிழவன் சேதுபதியை எடுத்தால் சிக்கல். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருக்கு நண்பராய் இருந்ததும் அவர் காலத்தில்தான். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கிறித்தவப் போதகர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டப்பட்டதும் அவர் காலத்தில்தான். ஒரே அரசவையின் இரண்டு முகத்தையும் மறைக்காமல் ஒரு பெயருக்குள் அடக்க முடியாது என்று பங்குத் தரப்பு உறுப்பினர் சொன்னதைச் செயற்குழு ஏற்றது. விருது பெயரில்லாமலே இருக்கட்டும்.

தமிழக அரசின் கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம் குடியரசு நாளில் வழங்கப்படுகிறது. அறிவிப்பு வந்த பின் சான்று தேடினால் நேரம் போதாது. தகுதியானவர்களின் சான்றுகளை இப்போதே கோப்பில் சேர்க்க உறுப்பினர்கள் உதவ வேண்டும்.

அடுத்த ஆண்டு விழா நாட்களின் நெருக்கடி இன்னும் கூடும். 2026இல் மகாசிவராத்திரி பிப்ரவரி 15, சாம்பல் புதன் 18, நோன்பு பிறையைப் பொறுத்து 18 அல்லது 19. தைப்பூசம் பிப்ரவரி 1. எனவே விழாவை பிப்ரவரி 7, சனிக்கிழமைக்கு வைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பரிந்துரைப் படிவங்கள் அக்டோபர் இறுதிக்குள் வந்தால்தான், வடகிழக்குப் பருவமழை வலுத்துத் தெருக்கள் சேறாகும் முன் விசாரணைக்குப் போக முடியும்.

செயலாளர்